ஒரே நுகத்தில் இரண்டு ஜெனரேட்டர்கள்

இருக்கிற ஜெனரேட்டர் பாரம் தாங்கவில்லை; இன்னொன்றை வாங்கி அதோடு சேர்த்து ஓட்டலாமா? கல்யாண மண்டபம் முதல் நூற்பாலை வரை எழும் கேள்வி இது. தானியங்கிப் பெட்டி ஒன்றை மாட்டினால் எல்லாம் தானே நடந்துவிடும் என்பது விற்பனைப் பேச்சு. அதில் பாதிதான் உண்மை. எந்தப் பெட்டியும் செய்கிற முக்கியமான வேலை, சரியான நொடிக்காகக் காத்திருப்பது. எதெல்லாம் பொருந்த வேண்டும் என்று அறியாதவருக்கு அந்தக் காத்திருப்பு மட்டும் பாதுகாப்பு ஆகாது.

பொருந்த வேண்டியவற்றில் ஒன்று அதிர்வெண்; அதற்கு ஒரு பழைய உதாரணம். 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரி சுழற்றிய எந்திரங்கள், 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு 25 ஹெர்ட்ஸ் மின்சாரம் அனுப்பின. அதே தண்ணீர் ஒகேனக்கலைத் தாண்டி, 1937 முதல் மேட்டூரில் 50 ஹெர்ட்ஸ் எந்திரங்களைச் சுழற்றியது. ஒரே ஆறுதான், ஆனாலும் 25ஐயும் 50ஐயும் நேரடியாக இணைக்க வழியில்லை.

மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஒத்துப்போனாலும் போதாது. ஓடுகிற வண்டியில், நிறுத்தாமலே இரண்டாவது மாட்டைப் பூட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஒத்தால் மட்டும் போதாது, கால் எடுத்துவைப்பதும் ஒத்துவர வேண்டும். ஒன்றின் அலை உச்சியிலும் மற்றதன் அலை அடியிலும் இருக்கும்போது இரண்டையும் இணைக்கும் பிரேக்கரை மூடினால், இடையில் நிற்பது இருமடங்கு மின்னழுத்தம். அந்த அதிர்ச்சியில் சுழல்தண்டே முறுக்கிக்கொள்ளும். இரு அலைகளுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் காட்டுவது சின்க்ரோஸ்கோப்பின் முள். வேக வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ் என்றால் முள் ஒரு சுற்றுக்குப் பத்து நொடி எடுக்கும். பிரேக்கர் மூட 0.1 நொடி ஆனாலும் பிசகு 3.6 பாகைதான். வித்தியாசம் 1 ஹெர்ட்ஸ் ஆனால் அதுவே 36 பாகை. அதனால்தான் முள் மெல்ல நகரும்போது, பன்னிரண்டு மணி நிலையைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுவிட்சைத் திருப்புகிறார்கள். பூட்டியபின் நடப்பதுதான் இதில் அழகு. பின்தங்கும் எந்திரத்தை முந்தியதிலிருந்து வரும் மின்னோட்டமே முன்னே இழுக்கிறது. நுகத்தடி தளர்ந்த மாட்டை இழுப்பதுபோல. ஆனால் கூட நடக்கும் மாடெல்லாம் பாரம் இழுப்பதில்லை. எரிபொருளைக் கூட்டினால்தான் புது எந்திரம் தன் பங்கைச் சுமக்கும். எரிபொருள் நின்றுபோனதோ, அது மோட்டாராக மாறி மற்றதற்கே பாரமாகும். அதைத் துண்டிக்கத்தான் எதிர்த்திசை மின்திறன் ரிலே.

இத்தனையையும் கருவி பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். இணைக்கும் நொடியைத் தேர்வதில் நல்ல கருவி மனிதக் கையைவிடத் துல்லியமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் பல கருவிகள் மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஒன்றை மட்டுமே ஒப்பிடுகின்றன. மற்ற இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தாலும் முள் பன்னிரண்டில் நிற்கும்; மூடினால் விபத்து நிச்சயம். மூன்று விளக்குகளைக் குறுக்கே மாட்டும் பழைய சோதனையோ அதை உடனே காட்டிவிடும்: வரிசை சரியென்றால் மூன்றும் சேர்ந்து ஒளிர்ந்து மங்கும், தவறென்றால் ஒன்றன்பின் ஒன்றாக. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பை ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாக நாட்டின் மற்ற பகுதியோடு இணைத்தபோதும் இதே விதிகள்தான். மண்டபத்து ஜெனரேட்டருக்கும் விலக்கு இல்லை: கம்பி வேலை நடந்த ஒவ்வொரு முறையும் ஃபேஸ் வரிசையைத் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்த பிறகே பெட்டியை நம்ப வேண்டும்.