தியான முகாமுக்குப் பணம் கட்டுமுன் ரசீதைப் பாருங்கள்

தகப்பன்சாமியின் ஊரான சுவாமிமலையில் தியான முகாம் நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தால், அதைச் சந்தேகிக்க யாருக்கும் மனசு வராது. படைவீட்டின் பெயரே பாதி உத்தரவாதம் கொடுத்துவிடுகிறது. தூக்கம் வரவில்லை, வீட்டில் நிம்மதி இல்லை, நாலு நாள் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று முதல்முறையாகக் கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு ரசீது வாங்காமல் நகராத அதே ஆட்கள், ஆயிரக்கணக்கில் முகாமுக்குக் கட்டிவிட்டுத் துண்டுச்சீட்டுகூடக் கேட்பதில்லை. கேட்டால், “சாமி காரியத்துல போய்க் கணக்குப் பாக்குறதா?” என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். முகாமில் மௌனமாக இருக்கச் சம்மதிப்பது வேறு, உரிமையைக் கைவிடுவது வேறு.

முறையான முகாம் எப்படி இருக்கும் என்பதற்கு விபாசனா ஓர் அளவுகோல். 1969-இல் எஸ். என். கோயங்கா இந்தியாவில் தொடங்கிய இந்தப் பயிற்சிக்குச் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் மையம் இருக்கிறது. பத்து நாள், விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிவிடுவார்கள், செல்போனை ஒப்படைக்க வேண்டும், மற்றவர்களோடு பேசக் கூடாது, ஆசிரியரிடமும் நிர்வாகியிடமும் மட்டும் பேசலாம். கட்டணம் கிடையாது, பயிற்சியை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள். இத்தனையும் விண்ணப்பத்தோடு முன்கூட்டியே தெரிந்துவிடும். மனநோய் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் அந்தப் படிவம் கேட்கிறது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல? அதைவிட மோசம், தியானம் இருக்கிறதே என்று முகாமுக்கு முந்தின வாரமே மாத்திரையை நிறுத்துவது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தியானத்தில் கெடுதல் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 83 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பாய்வு, தியானம் செய்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பாதகமான விளைவுகள் ஏற்பட்டதாகச் சொல்கிறது. அதிகம் தென்பட்டவை பதற்றமும் மனச்சோர்வும். உளவியல் சிகிச்சையிலும் ஏறக்குறைய இதே அளவு உண்டு என்பதால் மிரள வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை அறையில் கவனிக்க ஆள் இருக்கிறார், வாடகை மண்டபத்தில் யார் இருக்கிறார்? மனநோயாளியை ‘சாமி பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவந்ததன் விலையை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மனநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம், யோகா, சித்த வைத்தியம் என்று எந்தப் பெயரில் நடந்தாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். “மனநோயைக் குணமாக்குகிறோம், கொண்டுவந்து விடுங்கள்” என்கிற முகாமிடம் அந்தப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். காட்டவில்லையென்றால் போக வேண்டிய இடம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அடுத்தது பணம். இதில்தான் ஏமாந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, காசு வாங்கிச் செய்யும் சேவைக்குத்தான் பொருந்தும். ரசீதில் ‘நன்கொடை’ என்றிருந்தால், நாங்கள் சேவை எதையும் விற்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்துக்கு மறுப்பும் உண்டு: பதஞ்சலி யோகபீட அறக்கட்டளை முகாம்களுக்கு வாங்கியது பெயரளவில்தான் நன்கொடை, உண்மையில் நுழைவுக் கட்டணமே, அதற்குச் சேவை வரி உண்டு என்ற தீர்ப்பாய முடிவை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது வரி வழக்கு. உங்கள் வழக்கில் துணைக்கு வரலாம், ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். ‘பயிற்சி, தங்கும் கட்டணம்’ என்று எழுதி, தேதியும் அறக்கட்டளையின் பதிவு எண்ணும் போட்ட ரசீது வாங்குங்கள். பாதியில் கிளம்பினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். யாரோ ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

தகராறு வந்தால் முதலில் ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றுடன், பணத்தைக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முகாம் கோவையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, கெடு இரண்டு ஆண்டு. நோட்டீஸ், ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பதிவு, தபால் சேர்ந்த சான்று ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலத்தோடு இணையுங்கள். நோட்டீஸை மடித்துப் பல்பொடிக்குப் பயன்படுத்தாமல் பத்திரப்படுத்துங்கள். அதில் அச்சிட்ட வாக்குறுதிதான் உங்கள் முதல் சாட்சி.

மூன்றாவது, வெளியேறும் உரிமை. நீங்கள் கையெழுத்திட்ட முகாம் விதி எதுவானாலும், போகிறேன் என்கிறவரை அடைத்துவைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆம் பிரிவின்படி குற்றம். உடனே 112. முகாம் வெளியூரில் என்றாலும், வெளியே வந்தபிறகு சுவாமிமலைக் காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். “அந்த ஊர் ஸ்டேஷன்ல போய்க் கொடுங்க” என்று திருப்பியனுப்ப அவர்களுக்கு அதிகாரமில்லை. எல்லை எதுவானாலும் பதிவு செய்து இலவச நகல் தர வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு. மறுத்தால், புகாரைத் தஞ்சாவூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். ஆனால் இதே உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. கோவை ஈஷா யோக மையத்தில் இருக்கும் தம் இரு மகள்களுக்காக ஒரு தந்தை தொடுத்த ஆட்கொணர்வு வழக்கை, வயதுவந்த அவர்கள் விரும்பியே தங்கியிருப்பதாகச் சொன்னதால் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. வயதுவந்தவர் போவதும் இருப்பதும் அவர் விருப்பம். பெற்றோரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்படியெல்லாம் கேட்டால் குருவை அவமதிப்பதாகாதா என்பார்கள். பிரமனையே பிரணவத்துக்குப் பொருள் கேட்டு, சொல்லத் தெரியாததால் சிறையில் வைத்த சாமி குடியிருக்கும் ஊரில் இந்தத் தயக்கம் வேண்டாம். கேள்விக்குக் கோபப்படும் முகாம், உங்கள் மூச்சு முட்டும் நேரத்தில் என்ன செய்யும்? முதல்முறை போகிறவர்கள் ஒருநாள் பயிற்சியில் தொடங்குங்கள். முகாமின் முகவரி, நிர்வாகியின் எண், திரும்பும் தேதி மூன்றையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மறுபடியும் சொல்கிறேன்: ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள்; படிவத்தில் நோயை மறைக்காதீர்கள்; எந்தக் குரு சொன்னாலும், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.