ஐந்தாம் பாகையில் ஒரு புயல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பாரிட் புந்தாரின் அட்சரேகை வடக்கே 5 பாகை 7 நிமிடம். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஐந்து பாகைக்குள் புயல் உருவாகாது என்று வானிலைப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. அப்படிப் பார்த்தால், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த நெல் வயல் ஊர் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தெற்கே தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாமே புயலுக்கு வேலையில்லாத வட்டாரம்.

2025 நவம்பர் 26 அன்று, ஏறக்குறைய இதே அட்சரேகையில், மேற்கே மலாக்கா நீரிணையில் ஒரு புயல் பிறந்து ‘சென்யார்’ என்று பெயரும் பெற்றது. வட சுமத்திராவில் கரையேறி, பிறகு கிழக்கே திரும்பி, 28-ஆம் தேதி அதிகாலையில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. சுமத்திராவில் வெள்ளமும் நிலச்சரிவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அதற்குச் சில நாள் முன்புதான் தென் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியிருந்தது. அதே வாரத்தில் ‘டிட்வா’ புயல் இலங்கையை உலுக்கியது.

டிட்வாவில் வியப்பதற்கு அதிகமில்லை; வங்காள விரிகுடாவுக்குப் புயல் பழைய விருந்தாளி. சென்யார்தான் கேள்வி. பாடநூல் பூட்டிவைத்த கதவை அது எப்படித் திறந்தது?

முதலில் அந்தப் பூட்டைப் பார்ப்போம். வெதுவெதுப்பான கடலின் மேல் காற்று சூடேறி மேலெழும்போது கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அந்தத் தாழ்வை நோக்கி ஓடிவருகிறது. அது நேராக ஓடிவந்தால் தாழ்வை நிரப்பிவிடும். கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பூமி சுழல்வதால் ஓடிவரும் காற்று சற்றே பக்கவாட்டில் விலகுகிறது. விலகிய காற்று மையத்தை அடைய முடியாமல் சுற்றத் தொடங்குகிறது. தாழ்வு நிரம்பாமல் நீடிக்கிறது, மேலும் ஆழமாகிறது. கொரியோலிஸ் விளைவு என்று இதைச் சொல்வார்கள்.

இந்த விலகல் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. நீளமான கம்பியில் கனமான குண்டைக் கட்டி ஊசலாட விட்டால், அது ஆடும் திசை பூமியின் சுழற்சியால் மெல்ல மெல்லத் திரும்பும். வட துருவத்தில் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஒரு நாள் போதும். நாகப்பட்டினத்தில் ஐந்து நாளுக்குச் சற்று மேல் ஆகும். பாரிட் புந்தாரில் ஏறக்குறைய 11 நாள். நிலநடுக்கோட்டில் அது திரும்பவே திரும்பாது. நாகப்பட்டினத்துக் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பத்தில் பாதிகூட பாரிட் புந்தார்க் காற்றுக்குக் கிடைப்பதில்லை என்பது இதன் பொருள். கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும் இங்கே தாழ்வுகள் திரளாமல் கலைந்துபோவதற்கு இதுவே காரணம்.

ஆனால் காற்றைத் திருப்ப பூமியின் சுழற்சி மட்டும்தான் வழி என்று யார் சொன்னது?

2001 டிசம்பரில் தென்சீனக் கடலில் ‘வாமெய்’ என்ற புயல் நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் ஒன்றரைப் பாகை தூரத்தில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. அந்த இடத்தில் நம் ஊசல் ஒரு சுற்றுத் திரும்ப ஏறக்குறைய 38 நாள் ஆகும். அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியைச் சேர்ந்த சி. பி. சாங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் இதற்கு விளக்கம் சொன்னார்கள். ஆசியக் கண்டத்திலிருந்து கிளம்பிய குளிர்ந்த வாடைக்காற்று பல நாள் விடாமல் தெற்கே பாய்ந்தது. மலாயாவுக்கும் போர்னியோவுக்கும் நடுவே கடல் குறுகும் இடத்தில் அது நெருக்கப்பட்டது. போர்னியோக் கரையோரம் அடிக்கடி தோன்றும் ஒரு சுழல் அப்போது கடலுக்குள் நகர்ந்து வந்து அங்கேயே நின்றது. பாலத்தூணைத் தாண்டும் ஆற்றுநீர் சுழித்துக்கொள்வதுபோல, பாய்ந்த காற்று அந்தச் சுழலைச் சுற்றிக்கொண்டது. பூமி தராத சுழற்சியை நிலமும் காற்றுமாகச் சேர்ந்து கடனாகக் கொடுத்தன.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும்? வாடைக்காற்று அந்த இடுக்கில் நிலைக்கும் வாய்ப்பு, அதே வேளையில் சுழல் அங்கே வந்து நிற்கும் வாய்ப்பு, அது புயலாகத் திரளும் வாய்ப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு அவர்கள் கொடுத்த விடை, 100 முதல் 400 ஆண்டுக்கு ஒருமுறை. சென்யார் பிறந்த மலாக்கா நீரிணையும் ஓர் இடுக்குதான். ஒரு பக்கம் சுமத்திராவின் பாரிசான் மலைகள், மறுபக்கம் மலேசியாவின் தித்திவங்சா, நடுவே ஆண்டு முழுதும் சூடான கடல்.

தீவிர வானிலையை ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நானூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஒன்றை யாருடைய அனுபவமும் சொல்லித்தராது. கிரியானில் நாலு தலைமுறையாக நெல் நடும் குடும்பத்துக்கும் அது புதிதுதான். பதிவேடுகளும் போதாது. ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு நின்றுபோகும், அன்றைய கணக்கே மாறிவிடும். அதனால் மழையை அளந்து எழுதுவது தோட்ட ஆபீஸ் வேலைகளில் ஒன்றாக இருந்தது. வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ் 1932-இல் தோன்றியது; அதன் மழைமானி நிலையங்கள் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருமையான சொத்து. ஆனால் நூறு ஆண்டுப் பதிவை வைத்து நானூறு ஆண்டு நிகழ்வை எடைபோட முடியாது. நடக்காதவற்றையும் எண்ணியாக வேண்டும்.

அதற்குத்தான் கணினி மாதிரிகள். வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் சமன்பாடுகளைத் தீர்ப்பார்கள். அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஓட்டிப் பார்க்கலாம். இதில் பேராக் ஒரு கடினமான பரீட்சை வைக்கிறது. பாரிட் புந்தாரிலிருந்து தைப்பிங் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர்தான். தைப்பிங்கிற்குப் பின்னால் புக்கிட் லாருட் எழுந்து நிற்பதால் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சமவெளியில் இருக்கும் பாரிட் புந்தாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உலக அளவிலான மாதிரிகளில் ஒரு கட்டத்தின் அகலம் 100 கிலோமீட்டர் என்றால் இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். பின்னாலுள்ள மலை தட்டையாகிவிடும். மலை இல்லாத தைப்பிங்கை வைத்து யாருக்கு என்ன சொல்ல முடியும்?

தென்கிழக்காசியாவுக்கென்றே 25 கிலோமீட்டர் கட்டங்களில் காலநிலையைக் கணித்த பன்னாட்டுக் கூட்டுமுயற்சிக்கு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிரடோலின் தங்காங் தலைமை ஏற்றார். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் முதல் பணிக்குழுவுக்குத் துணைத்தலைவராகவும் இருந்தவர் அவர். இந்தத் துறையில் தமிழரின் தடமும் உண்டு. 1932-இல் சென்னையில் பிறந்த டி. என். கிருஷ்ணமூர்த்தி, 1967 முதல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல வானிலையைக் கற்பித்தார். பல மாதிரிகளின் கணிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் முன்பு எங்கே எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதற்கேற்ப மதிப்புக் கொடுத்துச் சேர்த்தால் எந்தத் தனி மாதிரியையும்விட நல்ல விடை கிடைக்கும் என்று 1999-இல் காட்டினார்.

சென்யார் போன்ற ஒன்று நடந்து முடிந்ததும் ஊரில் எழும் கேள்வி, ‘இது பருவநிலை மாற்றத்தாலா?’ என்பது. இதற்கு விடை தேடும் முறை எளிமையானது. இன்றைய சூட்டில் இருக்கும் உலகில் இந்த அளவு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், சூடேறாத உலகில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும் என்று இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிடுவது. ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெருமழை இன்னும் பெரிதாகும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 494 மில்லிமீட்டர் கொட்டிச் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்தவர்களுக்கு, புவி வெப்பமடைதலின் தெளிவான தடம் எதுவும் கிடைக்கவில்லை. காற்றிலுள்ள மாசுத்துகள்கள் வெயிலைத் தடுத்து எதிர்த்திசையில் வேலை செய்திருக்கலாம் என்றார்கள். எல்லோரும் ‘ஆமாம்’ என்று எதிர்பார்த்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுத முடிந்ததால்தான், வேறோர் இடத்தில் இதே முறை ‘ஆமாம்’ என்று சொல்லும்போது அதை நம்ப முடிகிறது.

இதெல்லாம் பாரிட் புந்தாருக்கு எதற்கு? ஆற்றைத் தாண்டிச் சற்றுப் போனால் பினாங்கு மாநிலம். நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. ஆறுகளையும் நகர வடிகால்களையும் ஆராயும் ‘ரெடாக்’ மையம் அங்கேதான். வளாகத்தில் விழும் மழையைச் சிமெண்டுக் கால்வாயில் விரட்டாமல் புல் ஓடைகளிலும் குளங்களிலும் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் வடிகாலை அவர்கள் அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வடிகால், பாலம், கரை எதைக் கட்டினாலும் பொறியாளர் முதலில் கேட்பது ஓர் எண்ணை: நூறாண்டு மழை எவ்வளவு? நூறாண்டு மழை என்றால் நூறு ஆண்டு கழித்து வரும் மழை என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கு நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு இருக்கிறது.

அந்த எண் பழைய மழைப் பதிவுகளிலிருந்து வந்தது. அந்தப் பதிவுகளில் சென்யார் இல்லை. கிரியான் வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா நீர்த்தேக்கம், கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் வாய்க்கால்கள், வடிகால் மதகுகள் எல்லாமே வேறொரு வானத்தை நம்பிக் கட்டியவை. மழை கூடுவது மட்டும் தீவிரமில்லை, அது குறைவதும் வெயில் ஏறுவதும் தீவிரம்தான். 1998-இல் எல் நினோக் காலத்தில் பெர்லிசின் சூப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. நாட்டின் உச்சவெப்பம் இன்றுவரை அதுதான். நூறாண்டு மழை போன்ற எண்களைத் திருத்தி எழுத இயற்பியலும் புள்ளியியலும் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வாய்க்கால் எந்த மாதம் வற்றும், எந்த மதகு கடல் ஏற்றத்தின்போது திறக்காது என்றும் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுக்கும். மூன்றாவது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அவர்களில் சிலர் இந்தத் துறைக்கு வந்தால், கிரியானின் அடுத்த கரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை இங்கேயே கணக்கிடலாம்.