இரண்டு மீற்றர் தூரத்தில் லட்டு

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை 6.55. மடிக்கணினியில் ஒன்ராறியோ பார்க்ஸ் முன்பதிவுப் பக்கம், என் போனில் அதே பக்கம், கணவரின் போனிலும் அதே பக்கம். இங்கே கேம்பிங் போகிறவர்களுக்கு இந்தக் காலை நன்றாகத் தெரியும். மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்னரே, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். கோடைகாலச் சனி ஞாயிறுகள் மளமளவென்று முடிந்துவிடும். எங்களுக்கு 7.03க்கு இடம் கிடைத்தது. பைனரி பூங்கா, மின்சார இணைப்புள்ள ஓர் இடம், ஆகஸ்டில் நான்கு இரவுகள். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய்.

அம்மாவும் வருவா என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

ஜூனில் தம்பிக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது. அவனோடு இருந்த அம்மா இனி எங்களோடு இருப்பது என்று முடிவானது. அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தா.

“நாய் உள்ள வீட்டில எனக்கு இருக்க ஏலாது பிள்ளை. அதை ஆரிட்டையும் குடுத்துப்போட்டு என்னைக் கூப்பிடு.”

அதுவரைக்கும் சித்தி வீட்டில் தங்கினா.

லட்டு எங்கள் வீட்டுக்கு 2021இல் வந்தவள். லாப்ரடோர் கலப்பு, 28 கிலோ. பள்ளிக்கூடம் கணினித் திரைக்குள் இருந்த காலம் அது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. வாசிக்கப் பழகியபோது அவள் முதலில் வாசித்துக் காட்டியது எங்களுக்கு இல்லை, லட்டுவுக்கு. அந்த நாயைக் கொடுப்பதா, அம்மாவை வேறு எங்கேயாவது இருக்கச் சொல்வதா? இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் இதைப் பற்றியே கதைத்தோம், சண்டையும் பிடித்தோம். கடைசியில், என்னோடு வேலை செய்யும் ஒருவர் செப்டெம்பரில் லட்டுவை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பைனரிப் பயணம் முடியட்டும் என்று இருந்தோம்.

பயணம் வந்த அதே கிழமை சித்தி ஒரு கலியாணத்துக்கு இங்கிலாந்து போய்விட்டா. அம்மாவைத் தனியே விட முடியாது. ஆக, 25 அடி நீள வண்டிக்குள் அம்மாவும் லட்டுவும், நடுவில் நாங்கள் நான்கு பேரும்.

வண்டி எடுக்கும்போது

ஆர்.வி. ஓட்டப் பெரிய லைசென்ஸ் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் சாதாரண ‘ஜி’ லைசென்ஸோடு 11,000 கிலோ வரையான மோட்டார் ஹோம் ஓட்டலாம். குடும்பங்கள் வாடகைக்கு எடுக்கும் 25 அடி வண்டி இதற்குள் தாராளமாக அடங்கும். நான் முதல் தடவையே 401இல் ஓட்டினேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வண்டியின் உயரம் மூன்று மீற்றருக்கு மேல். கோப்பி வாங்க டிரைவ் த்ரூவுக்குள் நுழைய வேண்டாம், இறங்கி நடவுங்கள்.

நாயோடு போவதென்றால் வாடகைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நாயை ஏற்றலாமா, அதற்குத் தனிக் கட்டணமா, துப்புரவுக் கட்டணம் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அம்மா அப்பாவும் வருகிறார்களென்றால் படுக்கை எத்தனை என்பதை விட சீட் பெல்ட் எத்தனை என்று பாருங்கள். ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டியில் ஆறு பேர் பெல்ட் போட்டு இருக்க இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் கதவு உள்ள பின் படுக்கையறையை அம்மாவுக்குக் கொடுத்தோம். லட்டுவின் கூடு முன்பக்கம். ஓடும்போது நாய் கூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். சடாரென்று பிரேக் போட்டால் 28 கிலோ நாய் எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பைனரி

பைனரி, ஹியூரன் ஏரிக்கரையில் இருக்கும் மாகாணப் பூங்கா. கிராண்ட் பெண்ட் என்ற சின்னக் கடற்கரை ஊருக்குச் சற்றுத் தெற்கே. ஏரிதான், ஆனாலும் எல்லோரும் கடற்கரை என்றே சொல்கிறார்கள். மறுகரை தெரியாது, அலை அடிக்கும். அம்மாவே “காரைநகர் கசூரினா மாதிரி இருக்கு” என்றா. ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீற்றர். காரில் மூன்று மணித்தியாலம் என்றால் ஆர்.வி.யில் நான்கு வையுங்கள்.

பூங்காவுக்குள் 10 கிலோமீற்றர் மணற்கரை, ஆயிரம் அளவில் கேம்பிங் இடங்கள், மணல்மேட்டுக்குப் பின்னால் ஓக் மரக்காடு. கரை மேற்கைப் பார்த்திருப்பதால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். காட்டுக்குள் பழைய ஒசேபிள் கால்வாய் இருக்கிறது. ஆற்றின் பெரிய வளைவால்தான் கிராண்ட் பெண்டுக்கு அந்தப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் வேறு வழி வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். பழைய வழி அசையாத தண்ணீராக அப்படியே கிடக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு கனூ ஓட்ட ஏற்ற இடம். கனூவை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம்.

நாய்க்கு அனுமதி உண்டு என்றால் நாய் எங்கும் போகலாம் என்று அர்த்தமில்லை. எந்த நேரமும் லீஷில் இருக்க வேண்டும், லீஷ் இரண்டு மீற்றருக்கு மேல் நீளக் கூடாது. நீந்தும் கரைகளுக்குள் வரக் கூடாது. நாய்களுக்கென்று ஒதுக்கிய கரைப்பகுதிக்கு மட்டும் கூட்டிப் போகலாம், அங்கேயும் லீஷோடுதான். கழிவை உடனே எடுக்க வேண்டும்.

போன வருடங்களில் இந்த விதிகள் எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தன. இந்த முறை அவைதான் கைகொடுத்தன.

மணலில் ஒரு வட்டம்

இறங்கிய முதல் ஒரு மணித்தியாலம் அம்மா வண்டியை விட்டு வெளியே வரவில்லை. கதவடியில் நின்று கேட்டா: “உந்தக் கயிறு எவ்வளவு நீளம்?”

“இரண்டு மீற்றர் அம்மம்மா. அதுதான் சட்டம்,” என்றாள் மகள். பிறகு ஒரு தடியை எடுத்து, அம்மாவின் கதிரையைச் சுற்றி மணலில் பெரிய வட்டம் ஒன்று கீறினாள். “இதுக்குள்ள லட்டு வர மாட்டாள். நான் பிடிச்சுக்கொண்டு இருப்பன்.”

இலட்சுமணன் கோடு மாதிரி. அம்மா இறங்கி வந்து அந்த வட்டத்துக்குள் இருந்தா. நான்கு நாளும் அந்தக் கோடு அழிய அழிய மகளும் மகனும் மாறி மாறிக் கீறினார்கள். நான்கு வருடமாக நான் அம்மாவுக்குச் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: “அவள் கடிக்க மாட்டாள் அம்மா, பயப்படாதீங்கோ.” அந்தப் பேச்சு ஒருநாளும் உதவவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை “பயப்படாதீங்கோ” என்று சொல்லவே இல்லை. எவ்வளவு தூரம் வேண்டும் என்று கேட்டு, அந்தத் தூரத்தைக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் இரவு, நெருப்பைச் சுற்றி இருக்கும்போது மகள் கேட்டாள். “அம்மம்மா, ஏன் உங்களுக்கு நாய் பிடிக்காது?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா. ஒன்பது வயதில், ஊரில் கிணற்றடிக்குப் போகும்போது தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் பஸ்சில் போய், தொப்புளைச் சுற்றி 14 ஊசி.

“எனக்கு ஊசி போட்டினம், நான் தப்பீட்டன். அதே நாய் பக்கத்து வீட்டுப் பெடியனையும் கடிச்சது. சின்னக் கீறல்தானே எண்டு விட்டுட்டினம். தண்ணியைக் கண்டாலே கத்தினான். அவன்ர குரல் எங்கட வீட்டுக்குக் கேக்கும்.”

எனக்கு 36 வயது. இந்தக் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நானும் ஒருநாளும் கேட்டதில்லை. “ஊர் ஆக்கள் நாய்க்குப் பயம்” என்று பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்தபின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு வந்த பயத்தை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் காலை லட்டுவின் தடுப்பூசிச் சான்றிதழை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்களுக்கு இந்த ஊசி சட்டப்படி கட்டாயம். பயணம் போகும்போது பிரதி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, திகதியையும் மிருகவைத்தியரின் கையெழுத்தையும் இரண்டு முறை வாசித்தா. ஒன்றும் சொல்லவில்லை.

3,600 வாட்

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. பிள்ளைகளோடு நானும் கணவரும் கனூ ஓட்டப் போனோம். லட்டுவைக் கூட்டுக்குள் விட்டு, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனோம். அம்மா வெளியே நிழலில் இருந்தா. ஒரு மணித்தியாலம்தானே என்று நினைத்தோம்.

இது எங்கள் பிழை. 30 அம்பியர் இணைப்பு, 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். ஏசி சுமார் 1,500. கேத்தில் இன்னொரு 1,500. அதோடு ரைஸ் குக்கரும் சேர்ந்தால் முடிந்தது. நாங்கள் வர முதல் சமைத்து வைப்போம் என்று அம்மா சோற்றையும் போட்டு, தேத்தண்ணிக்கும் வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறா. பிரேக்கர் விழுந்துவிட்டது. ஏசி நின்றது. சாத்திய வண்டி வெயிலில் எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பகுதி விழுந்தால் எல்லாமே விழும்படி எதையும் கட்டக்கூடாது என்று வேலையில் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். எங்கள் நாயின் உயிரை ஒற்றை வயரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது வண்டிக் கதவும் யன்னல்களும் திறந்திருந்தன. அம்மா உள்ளே, கூட்டுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து, காகிதத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தா. கூட்டுக் கம்பிக்கு இடையால் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் தள்ளி வைத்திருந்தா. கூட்டைத் திறக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“கத்திச்சுது. பாத்தன், மூச்சு வாங்குது. நான் என்ன செய்யிறது? திறக்கப் பயமாக் கிடந்தது,” என்றா. பிறகு என்னைப் பார்த்து, “உப்பிடியே வாயில்லாச் சீவனைப் பூட்டிப்போட்டுப் போறது?” என்று நல்ல ஏச்சு.

லட்டுவுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போக முன் சில விஷயங்கள்

ஏசியை நம்பி நாயை வண்டிக்குள் தனியே விடாதீர்கள். யாராவது ஒருவர் நாயோடு நில்லுங்கள், முறை வைத்து மாறுங்கள். ரைஸ் குக்கர், கேத்தில், ஏசி மூன்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம் என்று சமைக்கிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எங்கள் சாப்பாட்டில் நாய்க்கு ஆகாதவை நிறைய. வெங்காயம், உள்ளி, கேசரியில் போடும் முந்திரிகை வற்றல், சொக்லேற் எல்லாம் நஞ்சு. சமைத்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். பாவம் என்று கறிச்சோறு வைக்கும் அம்மம்மாமாருக்கு இதை முதலே சொல்லுங்கள். ரக்கூன்கள் இரவில் வரும், சாப்பாட்டைப் பூட்டி வையுங்கள்.

பைனரியில் பொய்சன் ஐவி நிறைய உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை. அதன் எண்ணெய் நாயின் மயிரில் ஒட்டி, நாயைக் கட்டிப்பிடிக்கும் பிள்ளையின் தோலுக்கு வரும். பாதையை விட்டு இறங்க விடாதீர்கள். உண்ணிகளும் உண்டு. ஒவ்வொரு பின்னேரமும் நாயின் காது, கழுத்து, விரலிடுக்கு, பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். மதியத்தில் மணலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

இன்னொன்று. வேறு நாயைத் தொட முதல் சொந்தக்காரரைக் கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். நாய் வைத்திருப்பவர்களும் “அவன் நல்லவன்” என்று தூரத்திலிருந்து கத்திக்கொண்டு வராதீர்கள். எதிரில் நிற்பவருக்கு எத்தனை ஊசி போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டில்

திரும்பி வந்த கிழமை அம்மா எங்களோடு வந்துவிட்டா. அவ மாறிவிட்டா, லட்டுவைத் தடவிக் கொடுக்கிறா என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. குசினி வாசலில் ஒரு தடுப்புக் கதவு போட்டோம். சாமி அறைக்குள் லட்டு வருவதில்லை. அம்மா மாடிப்படி இறங்கும்போது யாராவது ஒருவர் லட்டுவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை கூடத்தான். ஆனால் செப்டெம்பரில் அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, லட்டுவை நாங்களே வைத்துக்கொண்டோம். “அது இருக்கட்டும். அந்தக் கோட்டுக்கு அங்கால இருக்கட்டும்,” என்று சொன்னது அம்மாதான்.

இந்த மார்ச்சிலும் காலை ஏழு மணிக்கு மூன்று திரைகளோடு இருந்தோம். இடம் கிடைத்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி:

“அதுக்கும் சேத்தோ பதிஞ்சனி?”

ஓம் அம்மா. ஐந்து பேர், ஒரு நாய்.