சமையலறைச் சுவர் ஓடுகளைத் தேர்ந்தெடுத்தல்

சமையல் மேடைக்கு மேலே, அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் பின்புறமுள்ள சுவரில் பதிக்கப்படும் ஓடுகள் சமையலறைச் சுவர் ஓடுகள் எனப்படும். பேச்சு வழக்கில் இவற்றை ‘டைல்ஸ்’ என்கிறோம். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், மஞ்சள், புளிக்கரைசல், கழுவும் நீர், நீராவி ஆகியவை சுவர்ப் பூச்சுக்குள் இறங்காமல் தடுப்பதே இவற்றின் வேலை.

சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்த சுவரை விரும்பியபோது மாற்றலாம். ஓடு பதித்த சுவரை அப்படி மாற்ற முடியாது. உடைத்து எடுத்தால் பூச்சும் சேர்ந்து வரும். ஆகவே ஒரு நாளில் செய்யும் தேர்வு பல ஆண்டுகளுக்கு வீட்டில் இருக்கும். அந்தச் சுவரைத் தினமும் துடைக்கப்போகிறவர் யாரோ, அவரைக் கேட்காமல் ஓடு வாங்கக் கூடாது.

நீர் உறிஞ்சும் தன்மை

ஓடுகளை வகைப்படுத்த உதவும் முதன்மையான பண்பு, அவை உறிஞ்சும் நீரின் அளவு. பன்னாட்டுத் தர நிர்ணயமான ஐஎஸ்ஓ 13006 இந்த அளவைக் கொண்டே ஓடுகளைப் பிரிக்கிறது. அழுத்தி வார்க்கப்படும் ஓடுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15622 ஆகும். தன் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சுபவை சுவருக்கான செராமிக் ஓடுகள். 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக உறிஞ்சுபவை மிக இறுகிய ஓடுகள். விட்ரிஃபைடு ஓடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இதை மாணவர்கள் வீட்டிலேயே தோராயமாகச் சோதித்துப் பார்க்கலாம். நன்கு காய்ந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊற வைத்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை போட வேண்டும். 200 கிராம் இருந்த துண்டு 228 கிராம் ஆனால், கூடிய எடை 28 கிராம். அதாவது அது 14 விழுக்காடு நீரை உறிஞ்சியுள்ளது.

‘நீரை உறிஞ்சாத ஓடுதானே நல்ல ஓடு?’ என்று கேட்கத் தோன்றும். தரைக்கு அது பெரும்பாலும் சரி. சுவருக்கு அப்படியே பொருந்தாது. சுவர் ஓட்டின் முகப்பில் கண்ணாடி போன்ற மெருகுப் படலம் இருப்பதால் எண்ணெயும் நீரும் அந்தப் பக்கம் நுழைவதில்லை. நுண்துளைகள் உள்ள பின்பக்கத்தில் சிமெண்ட் பால் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. விட்ரிஃபைடு ஓட்டின் பின்பக்கத்தில் அத்தகைய துளைகள் இல்லாததால் சாதாரண சிமெண்ட் கலவை அதைச் சரியாகப் பற்றாது. அப்படிப் பதித்த ஓடு சில காலம் கழித்துப் பெயர்ந்து விழக்கூடும். அடுப்புக்கு நேர் மேலே இது நடந்தால் ஆபத்து.

வகைகள்

மெருகிட்ட செராமிக் ஓடு: களிமண், ஃபெல்ட்ஸ்பார், மணற்சத்து ஆகியவற்றை அரைத்து அழுத்தி, சூளையில் சுட்டுச் செய்யப்படுவது. எடை குறைவு, வெட்டுவது எளிது, விலையும் கட்டுக்குள் இருக்கும். சமையலறைச் சுவருக்கு இதுவே போதுமானது. இந்தியாவில் ஓடு உற்பத்தியின் முக்கிய மையம் குஜராத் மாநிலத்தின் மோர்பி நகரமாகும்.

விட்ரிஃபைடு ஓடு: உறுதியானது, எடை மிகுந்தது. இதைச் சுவரில் பதிக்க அதற்குரிய ஒட்டுப்பசை கட்டாயம் தேவை.

கண்ணாடி மொசைக்: சிறு சதுரத் துண்டுகளாக வலையில் ஒட்டி வரும். அழகானது, ஆனால் துண்டுகள் சிறியவை என்பதால் இடைவெளிக் கோடுகள் மிகுதி. ஒவ்வொரு கோடும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும் இடம்.

பளிங்குக் கல்: இதன் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் ஆகியவற்றின் அமிலம் இதை அரிக்கும். பட்ட இடம் மங்கிவிடும். சமையலறைக்கு ஏற்றதன்று.

ஆத்தங்குடி ஓடு: செட்டிநாட்டின் புகழ்பெற்ற கைவினைப் பொருள். சிமெண்ட், மணல், நிறமி ஆகியவற்றைக் கண்ணாடித் தகட்டின் மீது வார்த்து, சூளையில் சுடாமல், நீரில் ஊற வைத்து இறுக வைப்பது. தரைக்கு மிக அழகு. ஆனால் மெருகுப் படலம் இல்லாததால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும். அடுப்புக்குப் பின்னால் தவிர்ப்பது நல்லது.

ஓட்டுக்குப் பதிலாகச் சிலர் பிளாஸ்டிக் ஒட்டுத்தாளை ஒட்டுகிறார்கள். சுட்ட மண் எரியாது. பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். அடுப்பை ஒட்டிய சுவரில் அதை ஒட்டக் கூடாது.

மேற்பரப்பும் நிறமும்

மேடு பள்ளமான, கல் போன்ற தோற்றமுள்ள ஓடுகள் கடையின் விளக்கொளியில் கவரும். சமையலறையில் அந்தப் பள்ளங்களில் பிசுக்கு படிந்து, துணியால் துடைத்தால் போகாது. வழவழப்பான மேற்பரப்பே வசதி. மிக அடர்ந்த நிறத்தில் உப்புநீர்த் துளிகளின் வெள்ளைத் தடம் பளிச்சென்று தெரியும். வெளிர் நிறம் அறைக்கு வெளிச்சம் தரும். அழுக்கு இருந்தால் காட்டிக்கொடுக்கும். அழுக்கு தெரிந்தால்தான் துடைப்போம் என்பதால் அது குறையன்று.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். ஓட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மெருகில் உள்ள மயிரிழை விரிசல்களும் புள்ளிகளும் தெரியும். விரிசல் இருந்தால் மஞ்சள் அதன் வழியே இறங்கி, நிரந்தரக் கோடாகிவிடும். எல்லாப் பெட்டிகளிலும் ஒரே தொகுதி எண்ணும் ஒரே நிற எண்ணும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரே பெயருள்ள ஓடாயினும் வேறு தொகுதியில் நிறம் சற்று மாறலாம்.

எத்தனை ஓடுகள் தேவை?

எல் வடிவ மேடை ஒன்றின் நீளங்கள் 10 அடியும் 6 அடியும் எனக் கொள்வோம். மொத்த நீளம் 16 அடி. ஓடு பதிக்கும் உயரம் 2 அடி. பரப்பு 16 × 2 = 32 சதுர அடி. உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 விழுக்காடு சேர்த்தால் 35.2 சதுர அடி. 12 அங்குலத்துக்கு 18 அங்குல ஓட்டின் பரப்பு 1.5 சதுர அடி. 35.2 ÷ 1.5 = 23.47, அதாவது 24 ஓடுகள். பெட்டிக்கு 6 ஓடுகள் என்றால் 4 பெட்டிகள்.

இந்த ஓட்டைப் படுக்கை வாட்டில் வைத்தால் 12 அங்குல உயரத்தில் இரண்டு வரிசைகள் சரியாக 2 அடிக்கு வந்துவிடும். நிறுத்தி வைத்தால் 18 அங்குலத்துக்கு மேல் 6 அங்குலத் துண்டு ஒன்று ஒட்டுப்போட்டதுபோல் நிற்கும். ஓட்டின் அளவையும் பதிக்கும் உயரத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மீதமாகும் இரண்டு மூன்று ஓடுகளைப் பத்திரப்படுத்தினால் பின்னாளில் குழாய் பழுது பார்க்கும்போது உதவும்.

பதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிமெண்ட் கலவையில் பதிக்கும் செராமிக் ஓடுகளை முன்னதாக நீரில் ஊற வைக்க வேண்டும். காய்ந்த ஓடு கலவையின் நீரை உறிஞ்சிவிட்டால் சிமெண்ட் இறுகப் போதிய நீர் இருக்காது, பிடிப்பு பொடியாகிவிடும். ஒட்டுப்பசை பயன்படுத்தினால் பொதுவாக ஊற வைப்பதில்லை. பையில் அச்சிட்ட செய்முறையைப் பின்பற்ற வேண்டும். ஓடுகளுக்கான ஒட்டுப்பசைகளை ஐஎஸ் 15477 என்னும் இந்தியத் தர நிர்ணயம் வகைப்படுத்துகிறது. ஓட்டின் வகைக்கு ஏற்ற பசையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெயின்ட் அடித்த சுவராயின் அதைக் கொத்திவிட்டே பதிக்க வேண்டும். மின் இணைப்புப் பெட்டிகளும் குழாய் வாய்களும் எங்கே என்பதை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வேலை முடிந்து காய்ந்தபின் ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். ‘டொக் டொக்’ என்று வெற்றொலி வந்தால் பின்னால் கலவை நிரம்பவில்லை. கூலி கொடுத்து முடிப்பதற்குள் இதைச் செய்வது நல்லது.

இடைவெளிக் கோடுகளும் மஞ்சள் கறையும்

ஓட்டில் படும் மஞ்சள் துடைத்தால் போய்விடும். ஓடுகளுக்கு இடையிலான சிமெண்ட் பூச்சில் பட்டால் போகாது. சிமெண்ட் பூச்சு நுண்துளைகள் கொண்டது என்பது ஒரு காரணம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் என்பது இன்னொன்று. பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள் தாளைச் சோப்பு நீரில் நனைத்தால் சிவப்பாவது இதனால்தான். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் அது செம்பழுப்பாகத் தெரிவதும் அதனால்தான். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நீர் விட்டு அலசினால் அந்தச் சிவப்பு மாறும். குர்குமின் ஒளியில் சிதையும் என்பதால், சன்னல் வெயில் படும் இடத்தில் கறை மெல்ல வெளுக்கும்.

அடுப்புக்குப் பின்னாலுள்ள கோடுகளை மட்டுமாவது எப்பாக்சி பூச்சால் நிரப்பினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். அது நீரை உறிஞ்சாது. விலை கூடுதல், இரண்டு பொருள்களைக் கலந்து, இறுகுமுன் விரைவாகப் பூச வேண்டியிருப்பதால் பழகிய கைகளும் தேவை. பெரிய ஓடுகளைத் தேர்ந்தால் கோடுகள் குறையும், செலவும் குறையும்.

பராமரிப்பு

சமைத்து முடித்ததும், எண்ணெய் உறையுமுன், சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைப்பதே போதும். கடைகளில் விற்கும் ஆசிட் சிமெண்ட் கோடுகளை அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டம் குறைந்த சிறு சமையலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வழவழப்பான செராமிக் ஓடு, குறைந்த கோடுகள், சரியான பிடிப்பு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் நிறமும் பூவேலையும் அவரவர் விருப்பம்.