ஆங்கிலச் செயப்பாட்டுவினையை அடுத்து வரும் வரிசை எண்களும் அவற்றின் தமிழாக்கமும்: காவிரிப் படுகைச் சான்றுகள்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

காவிரிப் படுகையில் நீர்வரத்துக் குறையும் காலங்களில் ஆறுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது வழக்கம். அத்தகைய முறைப்பாசனம் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்றில் 'வெண்ணாறு வாஸ் சப்ளைட் செகண்ட்' என்னும் தொடர் அமைந்திருப்பதாகக் கொள்ளலாம். இதனை 'வெண்ணாற்றுக்கு இரண்டாவது தண்ணீர் வழங்கப்பட்டது' என்று பெயர்த்தால் பொருள் இருவகையாகப் பிரிகிறது. காவிரிக்கு அடுத்த நிலையில் வெண்ணாறு தண்ணீர் பெற்றது என்பது ஒன்று. வெண்ணாறே இரண்டாம் தடவையாகத் தண்ணீர் பெற்றது என்பது மற்றொன்று. ஆங்கிலத் தொடருக்கு உரியது முதற்பொருளே. கடைமடை உழவர் இரண்டாம் பொருளைக் கொண்டால், ஒருமுறையே வந்த நீர் இருமுறை வந்ததாகக் கணக்காகிவிடும். ஒரு விகுதியின் தேர்வு நீர்க்கணக்கையே மாற்ற வல்லது என்பதற்கு இது சான்று.

ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையின் பின்னர் வேற்றுமை உருபோ இடைச்சொல்லோ இன்றித் தனித்து நிற்கும் வரிசை எண், இடத்திற்கேற்ப வெவ்வேறு பணிகளைச் செய்கிறது. அப்பணிகளைப் பிரித்தறியும் வழியையும், அவற்றுக்குத் தமிழில் அமைந்துள்ள வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆங்கிலத் தொடரின் இருவகை அமைப்பு

'வாஸ் ரேங்க்ட் தேர்ட்', 'வாஸ் ஹார்வெஸ்டட் தேர்ட்' என்னும் இரு தொடர்களும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே உள்ளன. எனினும் அவற்றின் அகக்கட்டமைப்பு வேறு. முன்னதைச் செய்வினையாக மாற்றினால், நடுவர்கள் ஒரு நெல்வகையை மூன்றாவதாக மதிப்பிட்டனர் என்றாகும். இங்கு வரிசை எண், செயப்படுபொருள் அடைந்த நிலையைக் கூறும் நிரப்பியாக நிற்கிறது. அதனை நீக்கினால் 'மதிப்பிடப்பட்டது' என்பது மட்டும் எஞ்சும். எந்நிலையில் என்பது தெரியாது. மதிப்பிடுதல், தரவரிசைப்படுத்துதல், இடமளித்தல் முதலிய பொருளுடைய வினைகள் இவ்வகையைச் சேரும்.

பின்னதில் அந்நெல் அறுவடை செய்யப்பட்டது என்பதே முழுச்செய்தி. வரிசை எண், அறுவடை நிகழ்ச்சிகளின் ஒழுங்கில் அதற்குரிய இடத்தைக் கூறும் வினையடையாகும். அதனை நீக்கினாலும் தொடர் நிறைவுடன் நிற்கும். விதைத்தல், நடுதல், கட்டுதல், வழங்குதல் போன்ற வினைகள் இவ்வகையின. சுருங்கக் கூறின், முன்னது தகுதிவரிசை, பின்னது நிகழ்வுவரிசை. தடவையைக் குறிக்க ஆங்கிலம் தனித்து நிற்கும் எண்ணைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. 'ஃபார் த தேர்ட் டைம்' என்று விரித்தே கூறும்.

தமிழ் வரிசை எண்ணின் ஆக்கம்

தமிழில் எண்ணுப்பெயருடன் 'ஆம்', 'ஆவது' என்பன சேர்ந்து வரிசை எண் தோன்றுகிறது. இவ்விரண்டும் 'ஆ' என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை. 'மூன்றாம்' என்பது 'மூன்று ஆகும்' என்பதன் சுருக்கம். 'மூன்றாவது' என்பது 'மூன்று ஆவது'. ஆங்கில வரிசை எண் வினைத்தன்மை அற்றது. தமிழ் வரிசை எண்ணோ தன்னுள் ஒரு வினையைக் கொண்டது. இதனால் 'மூன்றாவது' என்பது பெயரடையாகவும் பெயராகவும் பயனிலையாகவும் வரும். வினைக்கு அடையாக வேண்டுமானால் அதனுடன் 'ஆக' சேர்ந்து 'மூன்றாவதாக' என்றாதல் வேண்டும். இவ்வடிவத்தில் 'ஆ' இருமுறை பயில்கிறது. முதலாவது வரிசை எண்ணை ஆக்குவது, இரண்டாவது அதனை வினையோடு இயைப்பது. முன்னுரையில் கண்ட பெயர்ப்பில் தவறு நேர்ந்ததற்குக் காரணம் இவ்விரண்டாம் 'ஆக' விடுபட்டமையே. அது விடுபடவே, 'இரண்டாவது' என்பது தண்ணீருக்கு அடையாகிவிட்டது.

பெரிய கோயில் கல்வெட்டு தரும் சான்று

'ஆவது' என்பதன் பயனிலைத் தன்மையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாம் இராசராசன் (985-1014) திருவிமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக்குடம் அளித்த நாள், அவனது ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளாகும். கல்வெட்டு மரபில் இது 'யாண்டு இருபத்தைந்தாவது நாள் இருநூற்றெழுபத்தைந்தினால்' என அமைகிறது. இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 'யாண்டு' என்னும் பெயர் முன்னும் வரிசை எண் பின்னும் நிற்கின்றன. இன்றைய வழக்கில் வரிசை எண்ணே முன்னிற்கும். இரண்டாவது, யாண்டுக்கு மட்டுமே 'ஆவது' வந்துள்ளது. நாளுக்கு வெறும் எண்ணுப்பெயரே உருபேற்று வந்துள்ளது. மூன்றாவது, பெரிய அலகாகிய யாண்டு முன்னும் சிறிய அலகாகிய நாள் பின்னும் கூறப்படுகின்றன. ஆங்கிலத்தில் இதனை எழுதுவோர் நாளை முன்வைத்து, இரண்டையும் வரிசை எண்ணாகவே அமைப்பர். எனவே ஆங்கிலத்தில் வரிசை எண் காணும் இடமெல்லாம் தமிழிலும் வரிசை எண் இருத்தல் வேண்டும் என்பது கட்டாயமன்று.

இதே கோயிலில் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளுக்குரிய ஆணையும் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் பெண்டிர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்த செய்தி அது. இங்குக் கொடையாளரிடையே ஒரு வரிசை உண்டு. ஆயினும் அதனை உணர்த்த வரிசை எண் எதுவும் வரவில்லை. எண்ணும்மையும் சொற்களின் வைப்புமுறையுமே போதுமாயின. 'வெட்டுக' என்பது செய்வினை வடிவிலான வியங்கோள். ஆங்கிலத்தில் இதனைக் கூறுமிடத்துப் 'பொறிக்கப்படல் வேண்டும்' என்னும் செயப்பாட்டு அமைப்பே இயல்பாக வரும்.

தமிழில் செயப்பாட்டுவினையின் இடம்

'படு' என்னும் துணைவினை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தில் வழங்கும் 'செயப்படுபொருள்' என்னும் கலைச்சொல்லே அதனைக் கொண்டுள்ளது. ஆயினும் பண்டை வழக்கில் அதன் பயில்வு குறைவு. செயப்படுபொருளையே வினைமுதல்போல வைத்துக் கூறும் வழக்கைத் தொல்காப்பியம் வினையியலில் ஏற்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று' என்பதாகும். 'நாற்று நட்டாயிற்று', 'வயல் உழுதாயிற்று' என்னும் படுகை வழக்குகளிலும் 'படு' இல்லாமலே செய்தவர் மறைந்து செயல் முன்னிற்கக் காண்கிறோம். ஆகவே ஆங்கிலச் செயப்பாட்டுவினையைக் கண்டவிடமெல்லாம் 'படு' சேர்க்க வேண்டுவதில்லை. குறிப்பாகத் தகுதிவரிசைத் தொடர்களில் 'மூன்றாவதாகத் தரவரிசைப்படுத்தப்பட்டது' என்பதைவிட 'மூன்றாம் இடம் பெற்றது' என்பதே தெளிவும் சுருக்கமும் உடையது. ஆங்கிலத்தில் நிரப்பியாக நின்ற எண், தமிழில் 'இடம்' என்னும் பெயருக்கு அடையாகிறது; செயப்பாட்டுவினை 'பெறு' என்னும் செய்வினையாகிறது.

பிரித்தறியும் மூவகை வினா

'எத்தனையாவது' என்னும் வினாச்சொல் தமிழுக்கு உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒரு சொல் இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இது நல்ல கருவியாகும். ஆங்கிலத் தொடரை நோக்கி 'எத்தனையாவது இடம்?', 'எத்தனையாவதாக?', 'எத்தனையாவது தடவை?' என மூன்று வினாக்களையும் எழுப்பி, எதற்கு விடை கிடைக்கிறது எனக் காணலாம். முதல் வினாவுக்கு விடை கிடைத்தால் 'மூன்றாம் இடம் பெற்றது'. இரண்டாவதற்குக் கிடைத்தால் 'மூன்றாவதாக அறுக்கப்பட்டது'. மூன்றாவதற்குக் கிடைத்தால் 'மூன்றாம் தடவையாக அறுக்கப்பட்டது'. முன்னுரைத் தொடருக்கு இரண்டாம் வினாவே பொருந்துகிறது. எனவே 'காவிரியை அடுத்து, இரண்டாவதாக வெண்ணாற்றுக்குத் தண்ணீர் விடப்பட்டது' என்பது அதன் சரியான ஆக்கம். பாசனத் தொடர்பான எழுத்தில் 'முறை' என்னும் சொல் நீர்விடும் சுற்றையே குறிப்பதால், எண்ணிக்கைப் பொருளுக்குத் 'தடவை' என்பதை ஆளுதல் மயக்கத்தைத் தவிர்க்கும்.

பயிர்களைப் பற்றிய தொடர்களில் எவற்றுள் வரிசை கூறப்படுகிறது என்பதையும் காணல் வேண்டும். தாளடி 'இரண்டாவதாக நடப்படுகிறது' எனின், குறுவை அறுத்த அதே வயலில் அடுத்த பயிராக என்பது பொருள். ஒருபோகச் சம்பா வயலுக்கு இவ்வரிசை பொருந்தாது. ஆதலால் 'குறுவையை அடுத்து' என எல்லையைச் சொல்லிவிடுவது நன்று. 'இரண்டாவதாக' என்பது தொடரின் தொடக்கத்தில் நின்றால் வாதத்தின் அடுத்த கருத்தைச் சுட்டும் இணைப்புச் சொல்லாகவும் கொள்ளப்படும். நிகழ்வுவரிசையைக் குறிக்க, அதனை உரிய பெயருக்கோ வினைக்கோ அருகில் வைத்தல் வேண்டும்.

'முதல்' என்பதன் தனித்தன்மை

ஏனைய எண்களைவிட 'ஃபர்ஸ்ட்' என்பதே மிகுந்த மயக்கம் தருவது. 'கல்லணை வாஸ் பில்ட் ஃபர்ஸ்ட்' என்றால், கல்லணை, 1830களில் கொள்ளிடத்தின் தலைப்பில் எழுந்த மேலணை, 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை ஆகிய மூன்றனுள் கல்லணை முந்தியது என்பது பொருள். 'கல்லணை வாஸ் ஃபர்ஸ்ட் பில்ட்' என்றாலோ, பின்னர்ப் பலகாலும் செப்பனிடப்பட்ட கல்லணையின் தொடக்கக் கட்டுமானம் சுட்டப்படுகிறது. அதனைக் கரிகாலன் காலத்ததாகக் கூறுவது மரபு. ஆங்கிலம் சொல்லின் இடத்தை மாற்றிக் காட்டும் இவ்வேறுபாட்டைத் தமிழ் சொல்லையே மாற்றிக் காட்டுகிறது. முன்னதற்கு 'முதலாவதாகக் கட்டப்பட்டது' என்பதும், பின்னதற்கு 'முதன்முதலில் கட்டப்பட்டது' என்பதும் பொருந்தும். 'முதலில்' என்பது இரண்டிற்கும் பொதுவாக வழங்குவதால் ஆய்வு எழுத்தில் அதனை விழிப்புடன் கையாள வேண்டும்.

வரிசை எண் பின்னமாதல்

ஆங்கிலத்தில் வரிசை எண்ணே பின்னத்தையும் குறிக்கும். 'வாஸ் ரெட்யூஸ்ட் பை அ தேர்ட்' என்பதில் 'தேர்ட்' வரிசையன்று. 'மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது' என்பதே பொருள். தமிழ் பின்னத்திற்கு அரை, கால், மா எனத் தனிப்பெயர்களை வைத்திருப்பதால் இம்மயக்கம் தமிழில் எழுவதில்லை. இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் 'மா', வேலியில் இருபதில் ஒரு பங்காகிய நில அளவுக்கும் பெயராகி இன்றும் தஞ்சைப் பகுதியில் வழங்குகிறது. 'மூன்றாவது' என்பது ஒருபோதும் பங்கைக் குறிக்காது.

முடிவுரை

ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் பின் நிற்கும் வரிசை எண், தகுதியையோ நிகழ்வின் ஒழுங்கையோ உணர்த்தும் ஒரே வடிவம். தமிழ் அவற்றை 'ஆம் இடம்', 'ஆவதாக' எனவும், எண்ணிக்கைப் பொருளை 'ஆம் தடவையாக' எனவும் வெவ்வேறாக்கிக் கூறுகிறது. ஆகவே எண்ணைப் பெயர்ப்பதற்கு முன் 'எத்தனையாவது' என்னும் வினாவை எழுப்பி அதன் பணியைத் துணிதலும், தகுதிவரிசையில் 'படு'வை விடுத்துப் 'பெறு' முதலிய செய்வினைகளை ஆளுதலும், நிகழ்வுவரிசையில் எல்லையைச் சுட்டுதலும் பொருள் பிறழாமல் காக்கும். அவ்வாறு எழுதப்பட்ட குறிப்பைப் படிக்கும் கடைமடை உழவர், தம் ஆற்றுக்கு எவ்வாற்றை அடுத்து நீர் வந்தது, எத்தனை தடவை வந்தது என்னும் இரண்டையும் ஐயமின்றி அறிவார்.