ஒற்றைக்கை இசைவாணர்

பியானோ என்னும் மேனாட்டு இசைக்கருவி 88 கட்டைகளை உடையது. மெலிவு, சமன், வலிவு என்னும் மூவகைத் தானங்களும் அதன்கண் இடமிருந்து வலமாக முறையே அமைந்துள்ளன. இடக்கை மெலிவுச் சுரங்களைத் தாங்கி நிற்ப, வலக்கை இன்னிசையின் உருவை மேலே எழுப்புதல் பெரும்பான்மை. ஆதலின், வலக்கை இழந்தான் ஒருவன் அக்கருவியைத் துறத்தலன்றி வேறு வழியிலன் என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தவர் ஆஸ்திரியா நாட்டினராகிய பால் விட்கென்ஸ்டைன் என்பார்.

இவர் 1887-ஆம் ஆண்டில், எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டிய கார்ல் விட்கென்ஸ்டைனின் மகனாக வியன்னா நகரில் தோன்றினார். மெய்ப்பொருளாராய்ச்சியாற் புகழெய்திய லுட்விக் இவர்தம் இளவல். பிராம்ஸ், மாலர் முதலாய இசைப்புலவர் வந்து அளவளாவிய இல்லம் அது. லெஷெட்டிட்ஸ்கி என்னும் பேராசானிடம் பயின்று 1913 டிசம்பரில் அரங்கேறினார். ஓராண்டு நிறையுமுன் உலகப்போர் மூண்டது. 1914 ஆகஸ்டில் குண்டு பட்டுச் சிதைந்த வலக்கையை மருத்துவர் அறுத்து நீக்கினர். அந்நிலையிலேயே ருஷியர் கையிற் சிறைப்பட்டு, ஸைபீரியாவிலுள்ள ஓம்ஸ்க் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

ஆண்டு அவர் தம் பயிற்சியைத் தொடங்கியது பியானோவில் அன்று, ஒரு மரப்பெட்டியின்மீது! கேளாத சுரங்களை உள்ளத்தாற் கேட்டு, ஐந்து விரல்களாலும் அப்பெட்டியைத் தட்டித் தட்டி, பத்து விரலின் பணியை ஐந்தனுள் அடக்கும் வழியை ஆராய்ந்தார்.

அஃது எங்ஙனம் இயலும் எனின், கூறுதும். இடக்கையைக் கட்டைகளின்மீது வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். வலிமை மிக்க பெருவிரல் வலப்புறத்தே, அஃதாவது உயர்ந்த சுரங்களின் பக்கத்தே, நிற்கின்றது. ஆகவே இன்னிசையைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஏற்கலாம். அடிச்சுரங்களைச் சிறுவிரல் ஏற்கலாம். ஆயினும் ஒரே கை ஒரே நொடியில் ஈரிடத்து இருத்தல் இயலாதன்றோ? இவ்விடத்தே கால் துணைபுரிகின்றது. ஆழ்ந்த சுரத்தைச் சிறுவிரலால் அடித்தவுடன், வலக்காலால் மிதிகட்டையை அழுத்தினால், தந்தியை அடக்கும் அடைப்பு விலகிநிற்கும். கை நீங்கியபின்னும் ஒலி நீங்காது. அவ்வொலி ஒடுங்குமுன் கை மேலே தாவி இன்னிசையைப் பற்றிக்கொள்ளும். கண்ணை மூடிக் கேட்பார்க்கு இருகையும் இயங்குவதாகவே தோன்றும்.

கைதிகள் பரிமாற்றத்தால் 1915-இல் நாடு திரும்பியவர், மறுயாண்டிலேயே வியன்னாவில் மீண்டும் அரங்கேறினார். தம் ஆசிரியரும் கண்பார்வையற்றவருமான யோசெப் லாபோர் தமக்கென ஆக்கித் தந்த இசையை அன்று வாசித்தார். கையிழந்த மாணவர்க்குக் கண்ணிழந்த ஆசான் செய்த உதவி அது. பின்னர்த் தந்தையார் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு, அக்காலத்துப் பெரும்புலவர் பலரிடம் இடக்கைக்கென்றே இசை வேண்டிப் பெற்றார். கோர்ன்கோல்ட், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பிரிட்டன் ஆகியோர் அவருட் சிலர்.

அவற்றுள் தலைசிறந்தது பிரெஞ்சுப் புலவர் ராவெல் இயற்றிய கான்செர்ட்டோ. பல்லியத்தின் மிகத் தாழ்ந்த கருவிகள் இருளிற் புரள்வனபோல் முனக, அதனின்று இசை படிப்படியே எழுந்து முழங்கி ஓய்ந்தபின், ஒற்றைக்கை தனித்துப் புகுகின்றது. 1932 ஜனவரியில் விட்கென்ஸ்டைன் இதனை வியன்னாவில் அரங்கேற்றினார். ஆனால் தம் விருப்பிற்கேற்பச் சிற்சில இடங்களை மாற்றி வாசித்தார். அதனைக் கேட்ட ராவெல் வெகுண்டார். வாசிப்பவன் அடிமையல்லன் என்பது இவர் கட்சி. அடிமையே என்பது புலவர் கட்சி. மூலபாடத்தைத் தம் மனம்போற் திருத்தும் பதிப்பாசிரியரை நாம் கடிந்துரைப்பதில்லையா? யான் ராவெலின் பக்கமே. அவர் எழுதியவாறே 1937-இல் பாரிஸ் நகரில் வாசித்தவர் ழாக் பெவ்ரியே என்பவர்.

புரோகோபியெவ் 1931-இல் எழுதியனுப்பிய கான்செர்ட்டோவின் கதி இதனினும் இரங்கத்தக்கது. அதில் ஒரு சுரமும் தமக்கு விளங்கவில்லையெனக் கூறி, விட்கென்ஸ்டைன் அதனை வாசியாது விட்டுவிட்டார். விளங்காததை விளங்காதது என்றது நேர்மையே. ஆயின், இரண்டாம் உலகப்போரில் வலக்கை இழந்த சீக்பிரீட் ராப் என்னும் ஜெர்மானியர் 1950-இல் தம்மிடமுள்ள இசையேடுகளை வேண்டியபோது, பிறன் குடியிருத்தற்கு எவனும் வீடு கட்டான் என்னும் கருத்துப்பட எழுதி மறுத்துவிட்டமை நெஞ்சை உறுத்துகின்றது. தம் துன்பத்தையே துன்பமாகக் கொண்ட மற்றொருவன் கேட்டதன்றோ அது! ராப் சோர்ந்தாரல்லர், புரோகோபியெவின் கான்செர்ட்டோவை வேறு வழியாற் பெற்று, 1956-இல் பெர்லினில் முதன்முதல் ஒலிக்கச் செய்தார். அதற்கு மூன்றாண்டு முன்னரே ஆக்கியோன் மறைந்துவிட்டார்.

இடையே 1938-இல் ஆஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்டது. விட்கென்ஸ்டைன் குடும்பத்தார் கிறிஸ்தவரேயாயினும், பாட்டன்மார் யூதராய்ப் பிறந்தவர் என்னும் காரணத்தால் யூதரெனவே எண்ணப்பட்டனர். அரங்கம் அவருக்கு அடைக்கப்படவே, நாடு துறந்து அமெரிக்கா சேர்ந்து, மாணவர்க்குக் கற்பித்து வாழ்ந்து, 1961-இல் காலமானார்.

இனி எஞ்சியது ஓர் ஏடு. 1923-இல் ஹிண்டெமித் என்னும் ஜெர்மானியப் புலவர் இவருக்கென எழுதியது அது. அதனையும் இவர் வாசித்திலர்; பிறர்க்கும் ஈந்திலர். ஹிண்டெமித் 1963-இல் அதனைக் கேளாமலே இறந்தார். விட்கென்ஸ்டைனின் மனைவியார் மறைந்தபின், 2002-இல் அவர்தம் உடைமைகளிடையே அவ்விசை அகப்பட்டது. 2004 டிசம்பரில் பெர்லின் நகரில் அதனை முதன்முதல் வாசித்தவர் அமெரிக்கராகிய லியோன் பிளைஷர். 1960-களில் வலக்கை விரல்கள் சுருண்டு செயலிழந்தமையால் முப்பதாண்டளவும் பெரும்பாலும் இடக்கை ஒன்றாலேயே இசைத்து வந்தவர்.