கையகல ஒட்டுக்குக் காத்திருக்கும் இறக்கை

ஹாங்கருக்குள் தள்ளும்போது கதவு விளிம்பில் இறக்கை உரசிவிடுகிறது. பயிற்சி விமானங்களுக்குப் பழக்கமான சேதம்தான். ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியத் தகடு நசுங்கி, ஓரத்தில் மெல்லிய விரிசல். காராக இருந்தால் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து மாலையே எடுத்துப் போய்விடலாம். விமானமோ வாரக்கணக்கில் நிற்கக்கூடும்.

காரணம் இருக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் மேல்தகடு வெறும் போர்வை அல்ல. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அந்தத் தகடுதான் உள்ளே இருக்கும் சட்டங்களோடு சேர்ந்து சுமை தாங்குகிறது.

முதல் வேலை அளப்பது. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் நசுங்கலின் நீளம், ஆழம், அருகிலுள்ள ரிவெட் வரிசை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டைப் புரட்டுகிறார். சேதம் வரம்புக்குள் இருந்தால் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பறக்கலாம். கையேட்டிலேயே செய்முறை இருந்தால் அதன்படி ஒட்டுப் போடலாம். இரண்டும் இல்லாவிட்டால்தான் சிக்கல். படங்களும் அளவுகளும் தயாரிப்பாளருக்கோ, அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பு நிறுவனத்துக்கோ போக வேண்டும். டி.ஜி.சி.ஏ. ஏற்கும் ஒப்புதலோடு பழுதுநீக்கத் திட்டம் வந்த பிறகே துளைக் கருவியைத் தொடலாம்.

திட்டத்தில் எல்லாமே கணக்கு. எந்த உலோகக் கலவை, எவ்வளவு கனம், எத்தனை ரிவெட் என்று ஒவ்வொன்றையும் சொல்லியிருக்கும். தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெட்டின் மையம் குறைந்தது அதன் விட்டத்தைப் போல இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒட்டு விழும் இடம் அசையும் வால்பகுதி என்றால், கூடும் சில கிராம் எடைக்கும் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும். தவறினால் வேகத்தில் அந்தப் பகுதி படபடத்து உடைந்துபோகும்.

காத்திருப்பின் சுமை மாணவர்கள் மேல்தான் விழுகிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் சேர்ந்தவருக்கு, விமானம் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டிதான். ‘பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?’ என்ற சபலம் பிறப்பதும் இங்கேதான்.

அந்தச் சபலத்துக்குப் பதில் ஜப்பானில் இருக்கிறது. 1978இல் ஒசாகாவில் வால் தரையில் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 747ஐத் தயாரிப்பாளரின் குழுவே பழுதுபார்த்தது. ஒரே துண்டாகப் பொருத்த வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் பொருத்தினார்கள். இரு ரிவெட் வரிசைகள் தாங்க வேண்டிய சுமை ஒரே வரிசை மேல் விழுந்தது. ஏழு ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை. 1985 ஆகஸ்ட் 12இல் பின்பக்க அழுத்தச் சுவர் பிளந்தது. 520 பேர் மாண்டனர்.

அங்கே திட்டம் சரியாகத்தான் இருந்தது. செய்த வேலைதான் வேறு. எனவே ஒப்புதல் தாள் வந்துவிட்டால் மட்டும் போதாது. அந்தத் தாளில் உள்ளபடியே வேலை நடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொறியாளர் போடும் கையெழுத்துதான் விமானத்தை மீண்டும் வானத்துக்கு அனுப்புகிறது.